சின்னப்பையன் பார்க்காத ஒரு மணி நேரம்

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அபார்ட்மென்ட் ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். பெயர் நாகப்பன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று அங்கே எனக்குப் பெயர். அந்த அபார்ட்மென்ட் வாசலில் ஒரு கேபின் உண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மேஜை விசிறி, சுவரில் ஒரு டிவி. டிவியில் சீரியல் வராது, கிரிக்கெட் வராது. லிஃப்ட், படிக்கட்டு, கார் நிற்கும் இடம், மொட்டைமாடி, குப்பைத் தொட்டி என்று கட்டம் கட்டமாக அபார்ட்மென்டின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வாட்ச்மேன் சின்னப்பையனின் வேலை.

ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு பெயரா என்று கேட்டால், "எங்கம்மா வெச்சது, நான் இன்னா பண்றது" என்பார். மற்ற வாட்ச்மேன்கள் டிவியை ஓடவிட்டுவிட்டுப் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் உண்மையிலேயே பார்ப்பார். மூன்றாவது மாடி கமலம் அம்மாள் வீட்டுப் பால் பாக்கெட்டை எடுத்துப்போனது ஆள் இல்லை, பூனை என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த அம்மாள் அதுவரை அவரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். பூனை மாட்டிய பிறகும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

சொந்த ஊர் என்றால் பக்கத்து மேனாம்பேடுதான். அவர் அப்பாவும் அம்மாவும் யாரோ ஒருவரின் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். நிலம் பிளாட் ஆனது, பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கம்பெனிகள் வந்தன, சின்னப்பையன் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் ஹெல்பராகச் சேர்ந்தார். தலை நரைக்கும் வரை ஹெல்பராகவே இருந்தார். கம்பெனியை மூடியபோது அவருக்குத் தெரிந்த ஒரே வேலை சொன்ன இடத்தில் நிற்பது. அதற்கேற்ற வேலையாக வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மனைவி பேபி கொரோனாவில் போய்ச்சேர்ந்தார். மூத்த மகன் நிர்மல் கம்பெனி வேன் ஓட்டுகிறான். இளையவன் செல்வகுமார்.

செல்வகுமார் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில் எஸ்டேட் ரோட்டில் தேங்கிய தண்ணீருக்கடியில் ஒரு பள்ளம் இருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், வாரைத்தான் மாட்டவில்லை. பிழைத்துக்கொண்டான். தலையில் ஒரு பக்கம் நீளமாகத் தையல், அதன் பிறகு ஃபிட்ஸ். சொல்லிவிட்டு வராது. பேசிக்கொண்டே இருப்பான், கண் ஒரு பக்கம் போகும், சாய்ந்துவிடுவான்.

ஃபிட்ஸ் வந்தால் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். பெரியாஸ்பத்திரி டாக்டர் அதற்குத் திட்டினார். சாவி வேண்டாம், இரும்பு வேண்டாம், ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குப்புறக் கிடந்தால் மூச்சு நின்றுவிடும், அவ்வளவுதான் என்றார். அந்த "அவ்வளவுதான்" சின்னப்பையனைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் என்றால் யாராவது ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவரோ காலையிலிருந்து இருட்டும் வரை அடுத்தவர் வீட்டு லிஃப்டைப் பார்க்கிற ஆள்.

முதலில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஒரு நாள் நிர்மலின் மகள் ரோஷினிக்கு எதிரிலேயே செல்வகுமாருக்கு வலிப்பு வந்துவிட்டது. பேச்சுகூடத் திருந்தாத குழந்தை. அதற்குப் பிறகு சித்தப்பாவைப் பார்த்தாலே அலற ஆரம்பித்தது. செல்வகுமார் தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தக் கொட்டகையை முன்பு ஒருவர் வாடகைக்கு எடுத்து பிரஸ் மெஷின் போட்டு வாஷர் அடித்துக்கொண்டிருந்தார். லாக்டவுனில் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் விட்டுப்போனது தகரக் கூரையும், மூன்று பேஸ் கரன்ட் லைனும்தான். செல்வகுமார் அங்கே போன சில நாளிலேயே, காலைச் சாப்பாடு கொண்டுபோன நிர்மலின் மனைவி மதிவதனி அவன் தரையில் நுரை தள்ளிக் கிடப்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாகக் கிடந்தான் என்று யாருக்கும் தெரியாது. நாக்கைக் கடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

அன்றிலிருந்து சின்னப்பையன் கேபினில் சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறப்பார், மூடுவார்.

அந்தச் சமயத்தில்தான் அபார்ட்மென்டில் பழைய கேமராக்களைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். புதிதில் ஒன்றைக் கேபினுக்குள்ளேயே மாட்டினார்கள். எதற்கு என்றால் வாட்ச்மேன் தூங்குகிறானா என்று பார்க்க. யார் சொல்லி மாட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவர் பெயரைச் சொன்னார்கள். சின்னப்பையன் டீ குடிக்க மட்டும் வெளியே பாதாம் மரத்துப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தார். அங்கே எந்தக் கேமராவும் எட்டாது.

கழற்றிய பழைய கேமராக்களில் மூன்றை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அசோசியேஷன் செக்ரட்டரி அரவிந்தன் தாராளமாகக் கொடுத்தார். கரூர்ப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நல்ல மனசு. ஆனால் கேமரா கிடைத்தால் போதுமா? வீட்டில் நெட் இருந்தது. அது கொட்டகைக்கு எட்டவில்லை, சுற்றிலும் தகரம். ஒயர் இழுக்கலாம் என்றால் நடுவில் பங்காளி முனியன்.

இந்த முனியனைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு துண்டு நிலம், அது அவன் பங்கு. அதன் மேலே கரன்ட் கம்பி ஏற்கெனவே போகிறது, அவன் அப்பா காலத்தில் சம்மதித்தது. நான் நெட் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றபோது, "இருக்கற கம்பி இருந்துட்டுப் போவட்டும். அதுக்கு மேல ஒரு நூலு எங்க தலைக்கு மேல போகக் கூடாது" என்றான். நோயாளிப் பையனுக்காகப்பா என்றேன். "எல்லா ஊட்லயும் தான் நோயாளி கீறான்" என்று உள்ளே போய்விட்டான்.

இதைக் கேட்ட அரவிந்தன்தான் வழி சொன்னார். "அண்ணா, ஒயரே வேணாம். கொட்டகைக்கு கரன்ட் போகுதுல்ல? அந்தக் கம்பியிலயே நெட்டையும் அனுப்பிடலாம்" என்றார். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க வாங்கினேன் என்று இரண்டு வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். பார்த்தால் கொசு மருந்து மெஷின். ஒன்றை வீட்டில் பிளக்கில் சொருகி நெட் பெட்டியோடு இணைக்க வேண்டும். இன்னொன்றைக் கொட்டகை பிளக்கில் சொருகி, அதிலிருந்து மூன்று கேமராவுக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

"சார், காலம்பூரா கரன்ட்ல கைய வெச்சினு கீறேன். ஷாக்குதான் வந்துகீது. படம் வந்து நான் பாத்ததில்ல" என்றேன்.

"வரும்ணா. ரெண்டே விஷயம்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க, நேரா சுவத்து பிளக்ல போடுங்க. அப்புறம் ரெண்டும் ஒரே பேஸ்ல இருக்கணும். வேற வேற பேஸ்ல இருந்தா ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்காது."

நான் நம்பவில்லை. வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். கட்டில் தெரிகிற மாதிரி ஒன்று, கதவு தெரிகிற மாதிரி ஒன்று, பின்னால் தட்டி மறைப்பில் இருந்த குளியல் இடத்துப் பக்கம் ஒன்று என்று மாட்டினேன். கதவின் உள்தாழ்ப்பாளை சின்னப்பையன் தானே ஸ்க்ரூடிரைவர் வாங்கிக் கழற்றினார். செல்வகுமார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே மாட்டலாம் என்று அவனை நாங்கள் கேட்கவில்லை.

பெட்டிகளைச் சொருகினேன். கொஞ்ச நேரம் சிவப்பு மினுக்கியது, பிறகு பச்சை நின்றது. சின்னப்பையனின் போனில் கட்டில் வந்தது, கட்டிலில் மகன் வந்தான். "காலச் சொறியிறான் பாரு நாகப்பா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எதிரிலேயே உட்கார்ந்து காலைச் சொறிகிறவனை விட்டுவிட்டு இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரன்ட் கம்பியில் படம் வந்துவிட்டது. அரவிந்தனிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டேன்.

சில வாரத்திலேயே அது ஒரு உயிரைக் காப்பாற்றியது. காலை வேளை, நான் கேபின் விசிறிக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்த சின்னப்பையன் விருட்டென்று அதைக் கையில் எடுத்தார். "மதி, ஓடும்மா, அவனுக்கு வந்துச்சு" என்றார், அவ்வளவுதான். போனில் மதிவதனி கொட்டகைக்குள் ஓடுவது தெரிந்தது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். சின்னப்பையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் டிபன் பாக்ஸைக் காலி செய்தார்.

அப்புறம் இன்னும் இரண்டு தடவை அப்படி நடந்தது. இரண்டு தடவையும் பார்த்தார், சொன்னார், அவள் ஓடினாள். இனி என் பிள்ளை சாகமாட்டான் என்று அவர் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான். நானும் நம்பினேன்.

வெயில் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் வெயில் என்றால் லோ வோல்டேஜ். விசிறி காற்றைத் தராது, சுற்றுவது மாதிரி நடிக்கும். மூன்று பேஸ் இருக்கிற வீட்டில் எல்லாம் ஒரு பெட்டி இருக்கும், அதில் ஒரு கைப்பிடி. ஒரு பேஸில் கரன்ட் குறைந்தால் கைப்பிடியைத் திருப்பி அடுத்த பேஸுக்குப் போய்விடலாம். யாராவது ஒருவர் "பேஸ் போச்சு, மாத்து" என்று குரல் கொடுத்தால் தெருவே ஓடிப்போய்த் திருப்பும். எல்லோரும் ஒரே பேஸில் போய் உட்கார, கொஞ்ச நேரத்தில் அதுவும் படுத்துவிடும். மறுபடியும் திருப்புவார்கள். மே மாதம் முழுக்க எங்கள் மக்கள் செய்கிற வேலை இதுதான்.

சின்னப்பையனிடம் இரண்டு கைப்பிடி இருந்தன. வீட்டுக்கு ஒன்று, பிரஸ் மெஷின்காரர் கொட்டகைக்குள் வைத்துப்போனது ஒன்று. இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் படம் வரும், ஒன்றை மட்டும் திருப்பினால் படம் அப்படியே நின்றுவிடும், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இதை மதிவதனிக்கும் செல்வகுமாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். மதிவதனி கெட்டிக்காரி. வீட்டில் திருப்பினால் உடனே பின்பக்கம் போய்க் கொட்டகையிலும் திருப்பிவிட்டு வருவாள்.

அப்படியும் படம் நிற்க ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் நின்றுவிடும், அப்புறம் தானாக வரும். சின்னப்பையன் ஒவ்வொரு தடவையும் மதிவதனிக்குப் போன் செய்தார். அவள் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கீறாரு மாமா, படுத்துனு கீறாரு" என்பாள். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து என்னை அனுப்பினார்.

நான் போனபோது வீட்டுக் கைப்பிடி தன் இடத்தில் இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்தேன். அங்கே கைப்பிடி அடுத்த பேஸில் இருந்தது. விசிறியைப் பார்த்தேன், இந்தப் பேஸில் ஆமை வேகம். நல்ல பேஸை விட்டுவிட்டு மோசமான பேஸுக்கு யார் திருப்புவார்கள்? செல்வகுமார் கட்டிலில் உட்கார்ந்து வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான்.

"நீயா திருப்பன?" என்றேன்.

"ஆமா" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

"ஏன்டா?"

"நைனாவாண்ட சொல்லாதண்ணா."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. அவர வரச்சொல்றேன்" என்று போன் போட்டேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் நடுவில் நிற்கமாட்டேன். அவர் அடுத்த ஆளைக் கேபினில் உட்காரவைத்துவிட்டு அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். நான் கைப்பிடியைக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா?" என்றார்.

"வெயிலு ஆரம்பிச்சதுலேர்ந்து."

"புடிக்கலன்னா கேமராவ ஒடைச்சிப் போடேன். எதுக்கு இந்த டபாய்ப்பு?"

"ஒடைச்சா நீ சோறு துன்ன மாட்ட நைனா. கரன்ட்டு லோன்னா நீ ஒத்துப்பன்னு நெனச்சேன்."

சின்னப்பையன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். செல்வகுமார் அவரைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துப் பேசினான். "நான் தூங்கறதப் பாக்கற. துன்றதப் பாக்கற. குளிக்கப் போனா அங்கயும் ஒண்ணு. சும்மா குந்தினு இருந்தாகூட நீ பாக்கறியோன்னு முதுக நேரா வெச்சினு குந்திகீறேன். எனக்கு இருபத்தேயு வயசாவுது. ஒரு மணி நேரம், யாரும் பாக்காத ஒரு மணி நேரம் வோணும், அவ்ளோதான்."

"அந்த நேரத்துல வந்துட்டா?"

"எனக்கு எப்பவும் காலைலதான் வருது. மத்தியானத்துல வந்ததில்ல."

அது உண்மைதான். அதுவரை வந்ததெல்லாம் காலையில்தான். அவர் திட்டுவார், பெட்டிக்குப் பூட்டு வாங்கி வா என்பார் என்று நான் காத்திருந்தேன்.

"ரெண்டுலேர்ந்து மூணு" என்றார். "மூணு மணிக்குத் திருப்பிடணும். திருப்பிட்டு 'கீறேன்'னு ஒரு மெசேஜ் போடு. போடலன்னா மதிய அனுப்புவேன். நடுவுல போன் பண்ணமாட்டேன்."

"போடறேன் நைனா" என்றான். அவன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும் வழியில் எனக்குத் தாங்கவில்லை. "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணாத்தே? காப்பாத்தத்தானே அத்தினி பாடுபட்டு மாட்டனோம்?" என்று கத்தினேன்.

"கேபின்ல எனக்கும் ஒண்ணு மாட்டிகீறாங்களே. மரத்தாண்ட போயி நின்னாத்தான் டீயே எறங்குது" என்றார். "நானாச்சும் வெளிய போயி நிக்கறேன். அவன் எங்க போவான்?"



மத்தியானம் இரண்டு மணியானால் சின்னப்பையன் போனைக் குப்புறக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிடுவார். அதைத் தொடமாட்டார். டிவியில் லிஃப்டையும் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் அப்போது யானையே லிஃப்டில் ஏறினாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. மூன்று மணிக்குப் போன் ஒரு தடவை அதிரும். எடுத்துப் பார்ப்பார். 'கீறேன்' என்று இருக்கும். மகனுக்கு ஒரு மணி நேரம் கிடைத்ததில் அவருக்கு ஒரு மாதிரி பெருமைகூட வந்துவிட்டது. "இப்பல்லாம் நல்லா சிரிச்சிப் பேசறான் நாகப்பா" என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான், மதிவதனியிடம் மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான் என்றார். ஒரு நாள் ரோஷினி கொட்டகை வாசல் வரை போய் நின்று, சித்தப்பாவிடம் பந்தை உருட்டிவிட்டு ஓடிவந்ததாம். அதை அவர் போனில் பார்த்து எனக்கு மூன்று தடவை சொன்னார்.

அந்த நாளும் மற்ற நாள் மாதிரித்தான் இருந்தது. கேட்டில் விளக்கு எரியவில்லை என்று நான் ஏணி போட்டு ஏறியிருந்தேன். கேபினுக்குள் போன் கவிழ்ந்திருந்தது. மூன்று மணி ஆயிற்று. போன் அதிரவில்லை.

"சட்ட கிட்ட மாட்டினு இருப்பான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்தார். போனைத் திருப்பினார். படம் நின்றபடியே இருந்தது. மகனைக் கூப்பிட்டார், மணி அடித்தது, எடுக்கவில்லை. மதிவதனியைக் கூப்பிட்டார், அவளும் எடுக்கவில்லை. குழந்தையைத் தூங்கவைக்க அவள் போனின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள், அதில் என்ன தப்பு இருக்கிறது? மறுபடி கூப்பிட்டார். மறுபடி. நான் ஏணியிலிருந்து இறங்கி என் வண்டியை எடுத்தேன். கேட்டைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை.

வழி முழுக்க ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போனைத் திறந்து வைத்திருந்தார். சிக்னலில் நின்றபோது நானும் பார்த்தேன். நின்றுபோன படத்தில் செல்வகுமார் கட்டிலிலிருந்து எழுந்து கைப்பிடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். திருப்பிப் போட்டோம். உடம்பு சூடாக இருந்தது, ஆனால் அது தகரக் கூரையின் சூடு. ஓட்டமாக ஓடி ஒரு பக்கம் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். ஓடி வந்தோம். படுக்கவும் வைத்தோம்.

கட்டிலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் சீப்பும் கிடந்தன. தையல் போட்ட இடம் தெரியாதபடி முடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அழுத்தி வாரியிருந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று நாங்கள் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

சின்னப்பையன் அழவில்லை. மகனின் சட்டை காலரைச் சரி செய்தார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, கைப்பிடியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்த போனில் படம் ஓட ஆரம்பித்தது. அதில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையை நான் எழுதமாட்டேன்.

சாவு வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். கேமரா இருந்துமா இப்படி? நிர்மல் அப்பாவின் சட்டையைப் பிடிக்காத குறைதான். "மத்த நேரமெல்லாம் பாத்துனேதானே இருப்ப, அன்னிக்கி இன்னா புடுங்கிகினு இருந்த?" என்று கேட்டான். மதிவதனி மூலையில் உட்கார்ந்து தன் போனையே தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கரன்ட்டு லோ. படம் நின்னுபோச்சு" என்றார் சின்னப்பையன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் நான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம், வெயில் காலத்தில் அப்படித்தான் ஆகும் என்று நானும் சொன்னேன்.

முனியன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "இவ்ளோ கஷ்டம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒயரு இஸ்துக்கோன்னு சொல்லியிருக்க மாட்டேனா" என்றான். அங்கே நாலு பேர் அதற்குத் தலையாட்டவும் செய்தார்கள். நான் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். இருந்திருந்தால் சாவு வீட்டில் கைகலப்பாகியிருக்கும்.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "ஏன் அண்ணாத்தே, உண்மையச் சொல்லிட்டா உங்க மேல இருக்கற பாரமாச்சும் கொறையுமே. அவன் தானே கேட்டான்."

"கேட்டது அவன். குடுத்தது நானு" என்றார். "அவன் கேட்டது ஒரு மணி நேரம். அதுல அவன் இன்னா பண்ணான், ஏன் கேட்டான்னு ஊரே குந்திகினு பேசணுமா? அவன யாரும் பாக்க வேணாம்னுதானே அது."

இப்போதும் அவர் அதே கேபினில்தான் இருக்கிறார். கேமராக்களைக் கழற்றிவிடலாமா என்று நானும் அரவிந்தனும் தனித்தனியாகக் கேட்டோம். வேண்டாம் என்றுவிட்டார். நிர்மல் அங்கே சாமான் போட்டு வைக்கலாம் என்றான், அதற்கும் வேண்டாம் என்றார். டிவிக்குப் பக்கத்தில் போன் சாய்ந்திருக்கிறது. அதில் கட்டில் தெரிகிறது, கதவு தெரிகிறது, குளிக்கும் இடம் தெரிகிறது. இப்போது கைப்பிடியைத் தொட அங்கே ஆள் இல்லை. மதிவதனி வீட்டில் திருப்பினால் மறக்காமல் போய் அங்கேயும் திருப்பிவிடுகிறாள். அதனால் படம் நிற்பதே இல்லை. மூன்று கேமராவும் இவ்வளவு சுத்தமாக அந்தப் பையன் இருந்தபோது ஓடியதில்லை.

போன வாரம் கேபினில் ஒரு ஸ்விட்ச் மாற்றப் போனேன். மத்தியானம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் டிவியின் ஓரத்தில் இருந்த மணியைப் பார்த்தார், போனை எடுத்தார், மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணாத்தே, இப்பதான் அங்க யாருமே இல்லியே" என்றேன்.

"அது அவன் நேரம்" என்றார்.

நான் ஸ்விட்சை மாட்டி முடித்துவிட்டும் போகாமல் நின்றேன். எனக்கே தெரியாமல் நானும் மூன்று மணிக்காகக் காத்திருந்தேன். மூன்று ஆயிற்று. அவர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு போனைத் திருப்பி, மெசேஜ் வரும் இடத்தைத்தான் முதலில் பார்த்தார்.